பின் சீட்டும் ரெண்டாவது சாவியும்

போன மாசம் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். மன்னார்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மும்பை, அங்கே ரயில் மாறி எங்க வாபிக்கு. எழுபத்தி நாலு வயசில் இந்தப் பயணத்தை அலுப்பில்லாமல் முடித்து, கையில் ரெண்டு டப்பா முறுக்கோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். வண்டியில் ஏற்றினேன். தங்கமணி முன் சீட்டில், அவர் பின் சீட்டில்.

"மாமா, பெல்ட் போட்டுக்குங்க."

"பின்னாடி உக்காந்தவனுக்கு எதுக்கு மாப்ளே பெல்ட்டு? ஏரோப்ளேன்லயா போறோம்?"

"போட்டாத்தான் வண்டி எடுப்பேன் மாமா."

சிரித்தார். நான் எடுக்கவில்லை. பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் வந்த மனுஷனை வாசலிலேயே நிற்க வைத்துச் சண்டை போடுகிறானே என்று அவளுக்கு. எனக்கு இதில் ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஆராய்ச்சி.

இருபது வருஷத்துக்கு மேல் பேங்க் வேலையில், அஞ்சு மாநிலத்தில், நூற்றுக்கணக்கானவர்கள் கூட காரில் போயிருக்கிறேன். பெல்ட் போடாததற்கு நான் கேட்ட காரணங்கள் இவை:

1. "இங்கேதானே, பக்கத்துலதானே." (பக்கத்துத் தெருவில் லாரி ஓடாது என்று நினைப்பு.)

2. "சட்டை கசங்கிடும்." சொன்னவர் ஒரு சீஃப் மேனேஜர். ஜோனல் மீட்டிங்குக்குப் போகும்போது கஞ்சி போட்ட சட்டையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் கௌரவக் குறைச்சலாம்.

3. "போலீஸ் இல்லையே." டோல்கேட் வந்ததும் பெல்ட்டை இழுத்து மேலே போர்த்திக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுவார்கள். க்ளிக் சத்தமே கேட்காது. கோயிலுக்குள் போகும்போது மட்டும் துண்டை இடுப்பில் கட்டுகிற மாதிரி.

4. "தீப்பிடிச்சா, தண்ணியில விழுந்தா, வெளியில வர முடியாது." இதைச் சொல்பவர்கள் ரொம்ப சீரியஸாகச் சொல்வார்கள். ஆனால் வெளியே வர முதலில் நினைவு இருக்க வேண்டும். மோதின வேகத்தில் மண்டை அடிபட்டு மயங்கிக் கிடப்பவன் எந்தக் கதவைத் திறப்பான்? நினைவு தப்பாமல் காப்பாற்றுவதே அந்தப் பெல்ட்தான்.

5. "ஏர்பேக் இருக்கே." ஏர்பேக் மேலே எஸ்.ஆர்.எஸ். என்று போட்டிருக்கும். அதில் முதல் எஸ்ஸுக்கு 'சப்ளிமென்ட்டல்' என்று விரிவு. அதாவது துணைக்கு வருவது. பெல்ட்தான் சாப்பாடு, ஏர்பேக் ஊறுகாய். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிறவன் முகத்தில் அந்தப் பை வெடித்து விரிந்தால் அதுவே காயம் செய்யும்.

6. "பின் சீட்டுதானே." இதுதான் ராஜா. சட்டப்படி பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. 100 ரூபாயாக இருந்த அபராதம் 2019 செப்டம்பரிலிருந்து 1000. (எங்க குஜராத் அரசு அதே மாசம் அதை 500 ஆகக் குறைத்தது. வியாபாரிகள் ஊர், இதிலும் டிஸ்கவுண்ட்!) ஆனாலும் பின் சீட்டில் போடுகிறவரைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

இதில் படிச்சவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரம் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் கட்டாயமானது. நம்மாட்கள் என்ன செய்தார்கள்? பெல்ட் செருகுகிற இடத்தில் சும்மா ஒரு கிளிப்பைச் செருகி அதன் வாயை அடைத்தார்கள். நான்கு முதலமைச்சர்களின் காரில் போனபோது அந்தக் கிளிப்பைப் பார்த்தேன் என்று 2022-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு, 13,118 கிளிப் விளம்பரங்களை எடுக்க வைத்தது. உயிரைக் காக்கிற சத்தத்தை அடைக்க காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற ஜாதி நாம். வண்டி டெலிவரி அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம், முன்னால் மிளகாய் கட்டித் தொங்க விடுவோம், டேஷ்போர்டில் பிள்ளையாரை உட்கார வைப்போம். பெல்ட்டை மட்டும் சீட் கவருக்கு அடியில் புதைத்துவிடுவோம்.

ரொம்ப நியாயவான் மாதிரி பேசுகிறேன் இல்லையா? இப்போது கொசுவத்தியைச் சுற்றுகிறேன்.

நான் வாபிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாளில், 2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். உத்வாடாவில் பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. எங்க ஊருக்குப் பக்கம்தான். அங்கிருந்து மும்பைக்குத் திரும்பும் வழியில் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தின் சுவரில் கார் மோதியது. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். வண்டி மெர்சிடிஸ் பென்ஸ். காசு கொடுத்து வாங்கக்கூடிய பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தது.

2014 ஜூன் 3 அன்று டில்லியில் கோபிநாத் முண்டே போனதும் இப்படித்தான். மத்திய அமைச்சராகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவரும் பின் சீட்டு.

மிஸ்திரி விபத்து நடந்த அதே நெடுஞ்சாலைதான் எங்களுக்குத் தினப்படி சாலை. அதனால் பிராஞ்ச் முழுக்க ஆடிப்போனது. மூணு வாரம் எல்லோரும் பின் சீட்டிலும் பெல்ட் போட்டோம். மூணே வாரம். சுடுகாட்டு ஞானத்துக்கு ஆயுசு கம்மி.

2023 டிசம்பர். சூரத்தில் ரிவ்யூ மீட்டிங். நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஆபீஸுக்கு வழக்கமாக வருகிற வாடகை வண்டி, ஓட்டுபவரே அதற்கு ஓனர். நாற்பது வயசு, தங்கமான மனுஷர். பின்னால் இடது பக்கம் எங்கள் சீனியர், டிரைவருக்குப் பின்னால் நான். உட்கார்ந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், பெல்ட்டைத் தேடினேன். பட்டை தோளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாட்டுகிற பக்கிளைக் காணோம். சீட் கவருக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. நான் துழாவுவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் சிரித்துக்கொண்டே, "மே ஹூ நா, சாஹேப்!" என்றார். நான் இருக்கேன்ல.

அதற்கு மேல் தேடினால் அவருடைய ஓட்டத்தை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். பக்கத்தில் சீனியர் வேறு சும்மா உட்கார்ந்திருக்கிறார். கையை எடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது வல்சாட்டுக்கு முன்னால், இருட்டில், எதிரே போன லாரி சட்டென்று நின்றது. டிரைவர் பிரேக்கைப் போட்டு நிற்கவே பார்த்தார். வேகம் நாற்பதுக்கு இறங்கியிருக்கும். அப்படியே போய் லாரியின் பின்னால் மோதினோம்.

எனக்கு உதடு கிழிந்து, ரெண்டு முட்டியும் வீங்கின. சீனியருக்கு மூக்கு உடைந்தது. டிரைவர் பெல்ட் போட்டிருந்தார், க்ளிக் சத்தத்தோடு, ஒழுங்காக. அவருக்குத்தான் காலர் எலும்பும் ரெண்டு விலா எலும்பும் முறிந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெல்ட் இவரைப் பிடிச்சிருக்கு. பின்னாலேர்ந்து வந்து இடிச்சது யாரு?"

நான்தான். எண்பத்தி அஞ்சு கிலோ.

என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். நான் பி.காம்., டெபிட் கிரெடிட் தவிர வேறு கணக்கு தெரியாது. அவன்தான் பேப்பரில் போட்டுக் காட்டினான். வண்டி நின்றாலும் உள்ளே இருக்கிற நாம் அதே வேகத்தில் போய்க்கொண்டேதான் இருப்போமாம், ஏதாவது தடுக்கிற வரை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஆறு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ரெண்டு மாடி. ஐம்பது என்றால் கிட்டத்தட்ட பத்து மீட்டர், மூணு மாடி. "நீ ரெண்டு மாடியிலேர்ந்து அந்த அங்கிள் முதுகு மேல குதிச்சிருக்கப்பா" என்றான். பிள்ளைகளுக்கு வாயில் வடிகட்டி கிடையாது.

விஷயம் அத்தோடு முடியவில்லை. வண்டி ஒர்க்ஷாப்பில். ஓட்டுகிற ஆள் படுக்கையில். அன்றாடம் ஓடினால்தான் வருமானம். அந்த வண்டிக்கு லோன் கொடுத்தது எங்கள் பிராஞ்ச். ஜனவரி கடைசியில் நிலுவைப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. எஸ்.எம்.ஏ. ஒன்று, அதாவது தவணை தவறி முப்பது நாள் தாண்டிவிட்டது. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் போட்டு "ஏன் சார் கட்டலை?" என்று கேட்பது என் வேலை. அன்றைக்கு எல்லோருக்கும் போட்டேன். அவருக்கு மட்டும் போட முடியவில்லை. அவர் ஏன் கட்டவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். பிள்ளைகள் ஸ்கூல் பீஸுக்குச் சரியாகப் போனது. "என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "நசீப், சாஹேப்" என்றார். விதி. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் பிராஞ்ச் இரும்புப் பெட்டிக்கு ரெண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், இன்னொன்று ஆபீஸரிடம். ரெண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். சர்வீஸில் எத்தனையோ பேர் என்னிடம், "சாவியைக் குடுத்துட்டுப் போங்க சார், நானே திறந்துக்கறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் கொடுத்ததில்லை. "நம்பிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா உன்னையும் காப்பாத்தறது இந்த ரெண்டாவது சாவிதான்" என்பேன். புதுசாகச் சேர்கிற பசங்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

காரில் அதே கேள்வியை ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டதும் சாவியை நீட்டிவிட்டேன்.

சட்டை, தூரம், தீ, தண்ணீர் எல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் காரணங்கள். நிஜக் காரணம் பல சமயம் வெட்கம்தான் என்று நினைக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ, டிரைவர் மனசு கோணுமோ, பெரிய மனுஷன் போடாதபோது நாம் போட்டால் நன்றாக இருக்குமோ. 1959-ல் வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற இன்ஜினியர் இந்த மூணு முனைப் பெல்ட்டைக் கொண்டுவந்தார். காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று விட்டார்கள். ஒரே கையால், ஒரு நொடியில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கூச்சத்துக்கு அவர் என்ன செய்வார்? 2022-ல் மட்டும் நம் நாட்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. அதில் பாதிப்பேர், 8,331 பேர், வண்டி ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்.

நம்ம டிரைவர் பிப்ரவரி கடைசியில் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். தொண்ணூறு நாளுக்குள் நிலுவையைக் கட்டிவிட்டார். முதல் தடவை அவர் வண்டியில் ஏறினபோது பார்த்தேன், பின் சீட் கவரை பிளேடால் கிழித்து மூணு பக்கிளையும் வெளியே எடுத்து விட்டிருந்தார். அசிங்கமாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பின்னால் யார் ஏறினாலும் அவரே சொல்கிறார்: "பெல்ட் லகாயியே, சாஹேப். மேரே லியே." எனக்காகப் போடுங்க.

மாமனாரிடம் வாபி ஸ்டேஷன் வாசலில் நான் கடைசியில் சொன்னதும் அதைத்தான். "உங்களுக்காக இல்ல மாமா. உங்களுக்கு முன்னாடி உக்காந்திருக்கறது உங்க பொண்ணு."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம் பின்னாலிருந்து, "இதை எங்க மாப்ளே மாட்டணும்?" என்று கேட்டார்.

டிஸ்கி: ஊருக்குத் திரும்பிய பிறகு மாமனார் போன் பண்ணினார். மன்னார்குடியில் மச்சினன் காரில் பின் சீட் பெல்ட்டைத் தேடினாராம். கவருக்கு அடியில் ரெண்டு பேனா, ஒரு சீப்பு, நாலு ரூபாய் சில்லறை கிடைத்ததாம். பக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கையை விட்டுப் பாருங்களேன்.