வயதான நாய் திடீரென சரிந்து விழுந்தால்…

வீட்டில் வயசான நாய் இருக்கா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

1. "டாக்டர், நல்லாத்தான் இருந்தான். எழுந்து நாலடி நடந்தான், அப்படியே விழுந்துட்டான். வயசாயிடுச்சுல்ல? ஏதாவது மாத்திரை சொல்லுங்க."

அரசு மருத்துவமனை ஓபியில் மனிதர்களைப் பார்க்கும் என்னிடமும் இப்படிக் கேட்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை, மாத்திரை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். எழுபது வயது தாத்தா மயங்கி விழுந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோமா? சுகர், பிபி, ஈசிஜி பார்த்து காரணம் தேடுவோம். நாய்க்கும் அதே நியாயம்தான். முதுமை நோய் அல்ல.

2. முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கணும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்பணும். ஈறே கறுப்பு என்றால் கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

3. வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய நாய்களுக்கு வயதான காலத்தில் மண்ணீரலில் கட்டி வருவதுண்டு. வெளியே தெரியாமல் வளர்ந்து, ஒருநாள் உடையும். கசிவு தானாக நின்றால், சில மணி நேரத்தில் எழுந்து வாலாட்டும். "சரியாயிடுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். ஸ்கேன் எடுக்க வேண்டிய நேரமே அதுதான்.

4. ஈறு நீலம் பாய்ந்திருந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. இதயம், நுரையீரல், தொண்டை எதிலும் பிரச்னை இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

5. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வரவில்லையா? இரைப்பை முறுக்கிக் கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும்.

6. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கருவிழி இடமும் வலமும் துடித்து, நிற்க முடியாமல் விழுகிறதா? "பக்கவாதம், இனி அவ்வளவுதான்" என்று கருணைக்கொலை வரை பேசிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு சார்ந்த பிரச்னை வயதான நாய்களில் சாதாரணம். பெரும்பாலும் சில நாட்களில் குறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் நன்றாக நடக்கும். வேறு காரணம் இல்லையா என்பதை மட்டும் மருத்துவர் பார்த்து உறுதி செய்யணும்.

7. மயக்கமா, வலிப்பா? இதயக் கோளாறால் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நொடிதான், உடனே தெளியும். வலிப்பில் கால்கள் வெட்டும், வாயில் நுரை வரும், பிறகும் கொஞ்ச நேரம் குழம்பித் திரியும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். செல்போனில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அது பாதி பரிசோதனை.

8. செய்யக் கூடாதவை:

- வாயில் தண்ணீர், பால் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
- வலிப்பின்போது வாயில் கை விடாதீர்கள்.
- நம்ம மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரைப்பையைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

9. செய்ய வேண்டியது: கழுத்தை நேராக வைத்துப் படுக்க வையுங்கள். பெட்ஷீட்டில் ஏந்தி வண்டியில் ஏற்றுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், ஜாக்கிரதை. வெயிலில் விழுந்திருந்தால், உடம்பை நனைத்து ஃபேன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

10. நாய் நன்றாக இருக்கும் இன்றே ஒரு வேலை. ராத்திரி பார்க்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று விசாரித்து, நம்பரை போனில் சேமியுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் வயிற்று ஸ்கேனும் எடுங்கள்.

எல்லா நாயையும் காப்பாற்றிவிட முடியாது. ஆனால் பிழைக்கக் கூடிய ஒன்று, "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லால் போகக் கூடாது.