சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கியும் சோதனை முத்திரையும்

பழம்பொருள்களின் மீது பற்றுக் கொள்வது பண்பட்ட மனத்தின் இயல்பு. ஆனால் அப்பழம்பொருள் நெருப்பைக் கக்கக் கூடியதாயின், பற்றோடு பொறுப்பும் சேர்ந்தாக வேண்டும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரில் வாழும் என் தமக்கை மகன் எழுதிய கடிதம் ஒன்று இதைப் பற்றி என்னை நெடுநேரம் எண்ண வைத்தது.

1805-ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் நெல்சன் ஏறி நின்ற ‘விக்டரி’ என்னும் கப்பல் அந்நகரில்தான் காக்கப்பட்டு வருகிறது. அதைக் கண்டு மனம் பறிகொடுத்த அவன், அக்காலக் கடற்படைக் கைத்துப்பாக்கியைப் போலவே இன்று செய்யப்படும் ஒன்றை வாங்கிச் சங்கத் திடலில் சுட விரும்பினான். “நம் நாட்டில் செய்தது விலை மலிவு, மாமா. பார்வைக்கும் அழகாயிருக்கிறது. அதையே வாங்கலாமா?” என்பது அவன் கேள்வி. முப்பதாண்டுக் காலம் உலோகக் குழாய்களின் அழுத்தச் சோதனையில் உழைத்தவன் நான் என்பதால் என்னைக் கேட்டான்.

ஆங்கிலக் கடற்படையின் அக்காலக் கைத்துப்பாக்கி எளிய படைப்பு. குழல் பன்னிரண்டு அங்குலம். துளையின் விட்டம் ஏறக்குறைய 0.56 அங்குலம். இடைவாரில் மாட்டிக்கொள்ளப் பக்கவாட்டில் ஓர் எஃகுக் கொக்கி. கைப்பிடியின் அடியில் கனத்த பித்தளைக் குமிழ். ஒரு குண்டு சுட்டதும் மறுமுறை கெட்டிக்க நேரமிராது, ஆகவே துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துத் தடியாக வீசுவர். குதிரையின் வாயில் கவ்விய சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி சிந்தும்; கிண்ணியிலுள்ள மருந்து பற்றும்; அத்தீ பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே குழலுக்குள் பாயும்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கும் இக்கதையில் பங்குண்டு. வெடிமருந்து என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம். அந்த வெடியுப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பீகார் மண்ணிலிருந்து திரட்டி, கங்கை வழியே இறக்கிக் கப்பலேற்றினர்.

அவனுக்கு நான் எழுதிய மறுமொழியின் சாரம் இது: அழகைப் பார்க்காதே, முத்திரையைப் பார். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கும் நிலையங்கள் உள்ளன. பர்மிங்காம் நிலையம் 1813-இல் தோன்றியது. வழக்கத்தைவிட மிகுந்த மருந்திட்டுச் சுட்டு, குழல் விரியாமல் வெடிக்காமல் நின்றால்தான் அங்கே முத்திரை குத்துவர். இத்தாலியிலும் இத்தகைய சோதனை உண்டு. நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் பல படிவங்களிலோ பற்றுவாய் இடப்படுவதே இல்லை. அவை காட்சிப்பொருள் என்ற பெயரிலேயே கப்பலேறுகின்றன. வாங்கியவர் தாமே துளையிட்டுச் சுடத் துணிந்தால், அந்தக் குழல் என்ன எஃகு, அடிப்பக்கம் மரையிட்டு அடைத்ததா, வெறும் பற்றவைப்பா என்பதற்குச் சான்று யார்? நம்மவர் கைத்திறனை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் நாட்டுப்பற்று குழலின் வலிமைக்குச் சான்றாகாது. நம் நாட்டுப் படிவமே வேண்டுமெனில், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து, சோதனை நிலையத்தின் முத்திரை பெற்ற பின்னரே அதில் மருந்திட வேண்டும்.

வாங்குமுன் வேறு இரண்டையும் பார்க்க வேண்டும். வெற்றுத் துப்பாக்கியின் குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி விசையை இழுத்தால், குதிரை விழக் கூடாது. எஃகுத் தகடு நன்கு கடினப்படுத்தப்பட்டிருந்தால் பொறி தாராளமாகச் சிந்தும். மென்மையாயிருந்தால் கல் தகட்டைக் கீறுமே அன்றிப் பொறி தராது.

சுடும் முறையிலோ ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணமுண்டு. கரிமருந்தைத் தவிர இக்காலப் புகையில்லா மருந்தை இதில் ஒருபோதும் இடலாகாது. அதன் அழுத்தம் குழலைப் பிளந்துவிடும். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டலாகாது. உள்ளே கனன்று கிடக்கும் சிறு பொறி குப்பியையே வெடிக்கச் செய்யும். அளவுக் குவளையில் எடுத்தே இட வேண்டும். குண்டு மருந்தின்மேல் முற்றப் படிய வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் வெடிக்கலாம். இதற்காகக் கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறிக்கொள்வது நன்று. கிண்ணியில் மருந்திடுவது கடைசிச் செயல். அப்போது குழல்வாய் இலக்கை நோக்கியிருக்க வேண்டும். பற்றுவாயிலிருந்து தீ வலப்பக்கம் சீறுமாதலால் அங்கே எவரும் நிற்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் வேண்டும். கிண்ணி பற்றியும் குண்டு புறப்படவில்லையெனில், குழலை இலக்கிலிருந்து திருப்பாமல் ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். மாலையில் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி எண்ணெயிட வேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. அங்கே 1997-இல் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தபோது வாய்வழிக் கெட்டிப்பவற்றிற்கு விலக்களித்தனர். எனினும் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும், கரிமருந்துக்குத் தனிச் சான்றிதழும் வேண்டும். இங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றிச் சுடுகலன் வைத்திருத்தல் குற்றம். ஆதலால், “ஊரிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள்” என்று பிள்ளைகள் கேட்டால், பெட்டியில் வைத்து விமானமேறிவிட வேண்டாம்.

மருமகன் இன்று முத்திரையுள்ள துப்பாக்கியால் சங்கத்தாரின் மேற்பார்வையில் சுடுகிறான். அதற்காக மேலும் ஆறு மாதம் பணம் சேர்த்தான். தொலைவிலுள்ள பிள்ளைகளின் விருப்பங்களைத் தடுப்பது பெரியோர் கடமையன்று. அவ்விருப்பம் அவர்கள் கண்ணையும் கையையும் விலையாகக் கேளாதபடி, தக்க கேள்விகளை உரிய காலத்தில் கேட்கச் செய்வதே கடமை.