எந்த பெஞ்ச், எந்தத் தேதி?

டிஸ்கி: அடியேன் வக்கீல் இல்லை. சென்னையில் பொட்டி தட்டிப் பிழைக்கிற பி.இ. பட்டதாரி. சனி ஞாயிறுல படம் பார்க்காம பழைய தீர்ப்புகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. சட்டம் தெரிஞ்ச நண்பர்கள் பொறுத்தருள்க :-)

பங்குனியில நந்தி கல்யாணத்துக்கு எங்க ஊர் திருமழபாடிக்குப் போயிருந்தேன். "நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்"னு எங்க பக்கம் ஒரு சொலவடை உண்டு. இருபத்தெட்டு வயசுல அந்தக் கூட்டத்துல போய் நின்னா என்னென்ன கேட்க வேண்டியிருக்கும்னு நான் சொல்லணுமா? தப்பிச்சு பெரியப்பா வீட்டுத் திண்ணையில ஒதுங்கினா அங்க வேற வில்லங்கம் காத்திருந்தது. கையில பேப்பர். எங்கேயோ ஒரு சின்னப் புள்ளையைக் கொன்னவனுக்குத் தூக்கு. "இவனையெல்லாம் அன்னிக்கே போட்டிருக்கணும். இன்னும் இருபது வருஷம் சோறு போட்டு வளர்ப்பானுங்க பாரு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தூக்கே கூடாது பெரியப்பா"ன்னு வாயை விட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "உன் தங்கச்சிக்கு நடந்திருந்தா?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதை மழுப்புறவங்களைப் பார்த்தா எனக்கே எரிச்சல் வரும். நடந்திருந்தா நானே அரிவாளைத் தூக்கியிருப்பேன். அதனாலதான் தண்டனை கொடுக்கிற வேலையை என்கிட்ட விடாம ஒரு ஜட்ஜ்கிட்ட விட்டிருக்கோம்னு சொன்னேன். "அந்த ஜட்ஜே சொல்லிட்டாருல்ல, அப்புறம் உனக்கு என்னடா?" என்றார்.

மேட்டரே அங்கதான் இருக்கு. எந்த ஜட்ஜ்?

உத்தரப் பிரதேசத்துல ஒரு வழக்கு. ஒரே குடும்பத்துல நாலு பேரைக் கொன்னதுக்காக ஜீத்தா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூணு பேருக்கும் தூக்கு. மூணு பேரும் தனித்தனியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. மூணு மனுவும் வேற வேற பெஞ்சுக்குப் போச்சு. ஜீத்தா சிங் மனு 1976 ஏப்ரலில் தள்ளுபடி. கஷ்மீரா சிங்குக்கு 1977 ஏப்ரலில் ஆயுளாகக் குறைஞ்சது. ஹர்பன்ஸ் சிங் மனு 1978ல் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6ஆம் தேதி ஜீத்தாவையும் ஹர்பன்ஸையும் தூக்கில் போட நாள் குறிச்சாங்க. ஹர்பன்ஸ் கடைசி நேரத்துல கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கினார். ஜீத்தா போகலை. அவரைத் தொங்க விட்டுட்டாங்க. அடுத்த நாலே மாசத்துல, 1982 பிப்ரவரியில, "இவருக்குத் தண்டனையைக் குறைங்க"ன்னு ஹர்பன்ஸுக்காக உச்ச நீதிமன்றமே ஜனாதிபதிக்குப் பரிந்துரை செஞ்சது.

எங்க பாஷையில சொன்னா ஒரே இன்புட், மூணு ரன், மூணு அவுட்புட். இப்படி ஒரு கோடு எழுதிக் கொடுத்தா எங்க டெஸ்டிங் டீம் மூஞ்சியிலேயே விட்டெறியும்.

இதுல எனக்கு நெருடுற இன்னொரு விஷயம். ஜீத்தா சிங் மனுவைத் தள்ளுபடி செஞ்ச மூணு பேர்ல ஒருத்தர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆமாங்க, அவரேதான். தூக்குக்கு எதிரா இந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துல அவரளவுக்குப் பேசின நீதிபதி இல்லை. 1979ல் ராஜேந்திர பிரசாத் வழக்குல அவர் எழுதினதைப் படிச்சா தெரியும். மனுக்கள் குவியுற ஒரு நாள்ல ஜீத்தா சிங் ஃபைலும் ஒண்ணாப் போயிருக்கும்போல. "நல்ல ஜட்ஜா போட்டா சரியாகிடும்"னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு தேதி போதும்.

1980ல் பச்சன் சிங் வழக்கு. அஞ்சு பேர்ல நாலு பேர் தூக்கு செல்லும்னாங்க. "அரிதினும் அரிதான" என்கிற வார்த்தை அங்கிருந்துதான் வந்தது. பி.என். பகவதி மட்டும் மாட்டேன்னார். 1982ல் வெளிவந்த அவரோட தீர்ப்புல, ஒருத்தன் சாகிறதும் பிழைக்கிறதும் பெஞ்சுல யார் உட்கார்ந்திருக்காங்க என்பதைப் பொறுத்து மாறுதுன்னு எழுதினார். தமாஷ் என்னன்னா, 1981 டிசம்பர் 30ல, நீதிபதிகளை நியமிக்கிறதுல கடைசி வார்த்தை அரசாங்கத்தோடதுன்னு சொன்ன ஏழு பேர் பெஞ்சுக்குத் தலைமை தாங்கினதும் இதே பகவதிதான்! பெஞ்ச் முக்கியம்னு தெரிஞ்சவரே பெஞ்சை நிரப்புற சாவியை அரசாங்கத்துக்கிட்ட கொடுத்தார்.

அந்தச் சாவிக்கு 1973லேயே அடிதடி நடந்திருக்கு. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாள், ஏப்ரல் 25, ஷெலாட், ஹெக்டே, குரோவர்னு மூணு மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். மூணு பேரும் ராஜினாமா. நீதிபதியோட சித்தாந்தப் பார்வையையும் பார்த்துத்தான் நியமிப்போம்னு நாடாளுமன்றத்துல வெளிப்படையா வாதாடினவர் நம்மூர் மோகன் குமாரமங்கலம். அதே வருஷம் ஜூலையில உச்ச நீதிமன்றம் வந்தவர்தான் கிருஷ்ணய்யர், ஈ.எம்.எஸ். மந்திரிசபையில மந்திரியா இருந்தவர். அரசியல் நியமனம்னு அப்போ எதிர்ப்பும் கிளம்பிச்சு. ஆக, அரசியல் புகுந்தாலே குப்பைதான் வரும்னும் சொல்ல முடியலை. குழப்பமா இருக்குல்ல? எனக்கும்தான்.

சரி, இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். வைத்தீஸ்வரன் என்ற கைதி 1975 ஜனவரியில தூக்குத் தண்டனை வாங்கி, எட்டு வருஷம் தனிக் கொட்டடியில கிடந்தார். செஞ்ச குற்றம் லேசுப்பட்டது இல்லை, கோர்ட்டே அதைக் கடுமையான வார்த்தைகள்ல சொல்லுது. ஆனாலும் 1983 பிப்ரவரி 16ல நீதிபதி சின்னப்ப ரெட்டி பெஞ்ச், ரெண்டு வருஷத்துக்கு மேல தூக்குக்காகக் காத்திருந்தா ஆயுளாகக் குறைக்கணும்னு சொல்லி அவரைக் காப்பாத்திச்சு. அந்த விதிக்கு ஆயுசு எவ்வளவு தெரியுமா? 36 நாள். மார்ச் 24ல ஷேர் சிங் வழக்குல வேற பெஞ்ச், அப்படி ரெண்டு வருஷக் கணக்கெல்லாம் கிடையாதுன்னுடுச்சு. வைத்தீஸ்வரன் வழக்கு ஒன்றரை மாசம் தள்ளிப் போயிருந்தா?

இதே தாமதக் கணக்குதான் முப்பது வருஷம் கழிச்சு ராஜீவ் வழக்குல வந்து நின்னுது. 2000ல் போட்ட கருணை மனுவை 2011 ஆகஸ்ட்ல ஜனாதிபதி நிராகரிச்சார். பதினோரு வருஷம். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூணு பேருக்கும் செப்டம்பர் 9ஆம் தேதி குறிச்சாச்சு. ஆகஸ்ட் 28ல காஞ்சிபுரத்துல செங்கொடி தீக்குளிச்சு செத்துப் போனா. நான் அப்போ ஸ்கூல் பையன், டிவியில அந்தப் பொண்ணு போட்டோவைப் பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கு. 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்துச்சு. அப்புறம் வழக்கு டெல்லிக்குப் போச்சு.

2013 ஏப்ரலில் புல்லர் வழக்குல ஜி.எஸ். சிங்வி பெஞ்ச், தீவிரவாத வழக்குன்னா தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாதுன்னு சொன்னது. ராஜீவ் வழக்கும் தீவிரவாத வழக்குன்னு சொல்லியிருந்தா கதை அன்னிக்கே முடிஞ்சது. அந்த டிசம்பர்ல சிங்வி ஓய்வு பெற்றார். தலைமை நீதிபதியா இருந்தவர் நம்ம ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம். 2014 ஜனவரி 21ல அவரோட பெஞ்ச், புல்லர் தீர்ப்பு செல்லாது, எந்த வழக்கானாலும் அளவுக்கு மீறின தாமதம் தாமதம்தான்னு சொல்லி 15 பேர் தூக்கைக் குறைச்சது. பிப்ரவரி 18ல நம்ம மூணு பேருக்கும். ஏப்ரல் 26ல சதாசிவமும் ஓய்வு. இந்தச் சந்துல அந்த வழக்கு நுழைஞ்சு வெளிய வந்ததை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

சதாசிவம் இரக்கமுள்ளவர், சிங்வி கல்நெஞ்சர்னு முடிச்சுக்க வேண்டாம். யாகூப் மேமன் தூக்கை 2013 மார்ச்ல உறுதி செஞ்சதும் சதாசிவம்தான். ஓய்வு பெற்ற அஞ்சாவது மாசம் அவர் கேரள கவர்னர் ஆனார், அதுவும் விமர்சனத்துக்குள்ளாச்சு. கவர்னர்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வருது. 1999ல் இந்த வழக்குல நளினி உள்ளிட்ட நாலு பேர் கருணை மனுவைத் தமிழக கவர்னரா முதல்ல நிராகரிச்ச பாத்திமா பீவியும் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி. மந்திரிசபையைக் கேட்காம முடிவெடுத்தது தப்புன்னு உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சதும், 2000ல் மந்திரிசபை சொல்லி அவரே நளினிக்குக் குறைச்சார்.

இப்போ நியமனத்தை யார்தான் செய்யறது? அரசாங்கம் செஞ்சு பார்த்தாச்சு. 1993ல் ஒன்பது நீதிபதிகள் பெஞ்ச் அந்தச் சாவியைப் பிடுங்கி நீதிபதிகள் கையில, அதாவது கொலீஜியத்துக்கிட்ட கொடுத்துச்சு. அந்த பெஞ்சுலேயே நம்ம ரத்தினவேல் பாண்டியன், பிற்படுத்தப்பட்டவங்க, தலித்துகள், பெண்கள் எல்லாம் எங்கேய்யான்னு எழுதி வச்சார். 2014ல் நாடாளுமன்றம் ஆறு பேர் ஆணையம் கொண்டுவந்தது, அதுல சட்ட மந்திரியும் உண்டு. எந்த ரெண்டு பேர் எதிர்த்தாலும் பேர் காலி. 2015 அக்டோபர் 16ல உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னுடுச்சு. மறுபடியும் கொலீஜியம்.

கொலீஜியம் லட்சணத்தையும் நம்ம உயர் நீதிமன்றத்துலேயே பார்த்தோம். தூக்கு பத்தி அந்தப் பெரிய தீர்ப்பு வந்த அதே 2014 ஜனவரியில, 12 பேர் நியமனப் பட்டியல் சரியில்லைன்னு சென்னையில வழக்கு நடந்துகிட்டிருக்கும்போது, பதவியில இருந்த நீதிபதி கர்ணனே கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சு தன் எதிர்ப்பைச் சொன்னார். 2023 பிப்ரவரியில விக்டோரியா கௌரி நியமனத்தை எதிர்த்த வழக்கு டெல்லியில நடக்கும்போதே இங்க பதவியேற்பு நடந்து முடிஞ்சது. பிரதமரை விமர்சிச்ச ஒரு கட்டுரையைப் பகிர்ந்தாருன்னு அரசாங்கம் ஆட்சேபிச்ச ஜான் சத்யன் பேரு, கொலீஜியம் மறுபடி அனுப்பியும் நின்னு போச்சு. அந்த மார்ச்ல கொலீஜியமே இதைப் பத்தி வருத்தப்பட்டு எழுதுச்சு.

பெரியப்பா இதையெல்லாம் கேட்டுட்டு, "சோழன் காலத்துலேயே குடவோலை போட்டவங்கடா நாம" என்றார். வாஸ்தவம். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாதுன்னு உத்திரமேரூர்ல கல்லுலேயே வெட்டி வச்சிருக்கான். அதை இப்போ அமல்படுத்தினா எத்தனை பேர் மிஞ்சுவாங்கன்னு தெரியலை :-)

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு யாரும் சண்டை போடாத ஒரு முறை இன்னிக்கு வரைக்கும் இங்க அமையலை. நிலத் தகராறுல, வரி வழக்குல இதோட தப்பை அப்பீல்ல சரி பண்ணிக்கலாம். ஜீத்தா சிங் வழக்குல முடியலை. நம்பிக்கையில்லாத கையில கயிறை மட்டும் கொடுக்காதீங்கன்னுதான் கேட்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவோட சேர்ந்து செத்தவங்கள்ல காவலுக்கு நின்ன போலீஸ்காரங்களும் உண்டு. அவங்க வீட்டுக் கோபத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா பேரறிவாளன் மேல இருந்த குற்றச்சாட்டோட மையம் ரெண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி. எதுக்குன்னு தெரிஞ்சுதான் வாங்கிக் கொடுத்தார்னு காட்டினது போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த தடா வாக்குமூலம். 1999ல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்களை ரத்து செஞ்சுட்டு வாக்குமூலத்தை மட்டும் வச்சுக்கிச்சு. அதை எழுதின ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்ன வரியை நான் பதிவு செய்யலைன்னு பிறகு வெளிப்படையாச் சொன்னார். அதைச் சொன்னது 2013 நவம்பர்ல. தூக்குக்குக் குறிச்ச நாள் 2011 செப்டம்பர் 9. 19 வயசுல, நான் பிறக்கிறதுக்கு முன்னாடி கைதானவர், 2022 மே 18ல உச்ச நீதிமன்றம் விடுதலை செஞ்சப்போ நான் வேலைக்குச் சேர்ந்து பி.எஃப். கட்டிக்கிட்டிருந்தேன்.

பி.கு.: எங்க மாவட்டத்தை ஒட்டின பெண்ணாடம் பக்கத்துல புலவர் கலியபெருமாள்னு ஒருத்தர் இருந்தார். தூக்குத் தண்டனை குறைஞ்சு, வெளியே வந்து, 2007 வரைக்கும் வாழ்ந்தார். அவரைப் பத்தித் தனியா எழுதணும். ஆணி கொஞ்சம் குறையட்டும்.