முன்பாரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில், டெக்ஸாஸின் ஐ-10 நெடுஞ்சாலையில், ஜங்ஷன் என்னும் சிற்றூருக்குச் சற்று முன்பாக எங்கள் ட்ரக்கின் இடது பின்சக்கர டயர் வெடித்தது. பின்னால் ட்ரெய்லரில் மூன்று குதிரைகள். பின்னிருக்கையில் மகளும் அவள் தோழியும். பக்கத்தில் மனைவி. மணிக்கு 80 மைல் அனுமதிக்கப்பட்ட பாதை அது; நல்லவேளையாக நான் 60-ல் போய்க்கொண்டிருந்தேன். (அதில் என் விவேகத்துக்குப் பங்கொன்றும் இல்லை. மேட்டில் வண்டி திணறிக்கொண்டிருந்தது.) ட்ரக்கின் வால்பகுதி இடப்பக்கம் அமிழ்ந்தது, ட்ரெய்லர் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் அசைந்தது. எப்படியோ சாலையோரத்தில் நின்றோம். யாரும் பேசவில்லை. மகள் கதவைத் திறந்துகொண்டு குதிரைகளிடம் ஓடினாள்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தமிழன் வீட்டில் குதிரைகள் வந்த கதை தனிக்கதை. மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயத்தில் என் மகளுக்குப் பித்து. பித்து பிடித்தவளுக்குத் தகப்பனாக இருப்பவன் வண்டி ஓட்டித்தானே ஆகவேண்டும்.

மாற்று டயரைப் பூட்ட வந்த முதியவர் வேலையை முடித்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “உங்கள் வண்டி உட்கார்ந்திருக்கிறது. எப்போதாவது எடை போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. வண்டியை வாங்கியபோது விற்பனையாளர் சொன்ன ஒரே எண்தான் நினைவில் இருந்தது: 15,000 பவுண்டு இழுக்கும். எங்கள் ட்ரெய்லர் குதிரைகளோடும் வைக்கோலோடும் தண்ணீரோடும் சேர்த்து 13,200-க்கு மேல் வராது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சரக்கு லாரிகள் தங்கும் நிலையங்களில் ‘கேட் ஸ்கேல்’ என்ற எடைமேடைகள் உண்டு. 1977 முதல் இருப்பவை. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் என மூன்றையும் தனித்தனியே நிறுத்து ஒரு சீட்டு தருவார்கள். எங்கள் சீட்டில் இருந்தவை: 4,700, 6,800, 10,200. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு ஒட்டுத்தாள் தெரியும். ட்ரக்கின் மொத்த எடை 10,000-ஐத் தாண்டக்கூடாது, பின் அச்சில் 6,200-க்கு மேல் ஏறக்கூடாது என்று அதில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கதவைத் திறந்து மூடியவன் நான். ஒருநாளும் அதைப் படித்ததில்லை. ட்ரக்கின் மேல் 11,500 பவுண்டு இருந்தது. இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். டயர் ஒன்றின் தாங்குதிறன் 3,195 பவுண்டு, இரண்டுக்கும் 6,390. அதன் மேல் 6,800-ஐ ஏற்றி, ஆகஸ்ட் வெயிலில், என் குழந்தையை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. நெல்மூட்டை ஏற்றி முடித்ததும் தாத்தா ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அவர் பேசிக் கேட்டதில்லை. மாட்டின் கழுத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதே அவருடைய கேள்வி.

ட்ரெய்லருக்கும் அதே கேள்விதான். பின் பம்பருக்குக் கீழே கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கை ட்ரக்கின் மேல் இறக்கவேண்டும். குறைந்தால் வால் ஆடும். எங்களுடையதைப் போல ட்ரக்கின் தளத்துக்கு நடுவே வளைந்து வந்து அமரும் கூஸ்நெக் வகை அதைவிட அதிகம் இறக்கும். பிறகு ஒருநாள் ட்ரெய்லர் இல்லாமல் எடை போட்டு, வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். 3,000 பவுண்டு. ட்ரக் சுமக்கலாம் என்று ஒட்டுத்தாள் அனுமதித்ததோ, மனிதர்களையும் சேர்த்து 2,300. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. விளம்பரங்களில் பெரிதாக வருவது முதலாவது எண்.

வேறு ட்ரக் பார்க்கத் தொடங்கினோம். ‘ஒரு டன்’ என்று வழக்கில் அழைக்கப்படும் வகையில் இரண்டு உண்டு: பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம், அல்லது இரண்டு. இரண்டாவதற்கு ‘டூயலி’ என்று பெயர். ஒற்றைச் சக்கர ட்ரக்கே போதும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன் பெரிய டயர்கள் இரண்டும் சேர்ந்து 7,280 தாங்கும். எங்கள் பாரம் 7,000-ஐ ஒட்டி அமரும். எஞ்சின் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே. அண்டை வீட்டில் ஒரு முதிய பண்ணைக்காரர் இருக்கிறார், பேச்சு குறைந்தவர். அவரிடம் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்கள் மகள் நான்காவது குதிரையைக் கேட்கமாட்டாள் என்று உறுதியாகத் தெரியுமா?” என்றார்.

டூயலியின் டயர் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தனியாக மாட்டினால் 3,085 பவுண்டு தாங்கும் அதே டயரை ஜோடியாக மாட்டினால் 2,835 என்றுதான் கொள்ளவேண்டும். முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் இரண்டு டயர்களும் ஒருபோதும் சமமாகச் சுமப்பதில்லை. காற்றழுத்தம் சற்று வேறுபட்டாலும் ஒன்று மற்றதன் பங்கையும் ஏற்கிறது. நடுவில் சிக்கிய வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே குறைத்தே எழுதுகிறார்கள். (கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) குறைத்தும் நான்குக்கும் 11,340. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். நிதானமாக ஓரங்கட்டும்வரை தாங்கும். அகன்ற கால்களில் நிற்பதால் குறுக்குக்காற்றிலும் உறுதி அதிகம்.

இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. பின்புறம் எட்டடி அகலம். இயந்திரக் கார் கழுவுமிடங்கள் பலவற்றில் நுழைய முடியாது, உணவகச் சாளரப் பாதைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டே ஊரவேண்டும். பாரமில்லாதபோது ஈரப்புல்லில் பின்சக்கரங்கள் வீணே சுழலும். உட்பக்க டயரின் வால்வை எட்டுவதற்கு முழங்கால் போடவேண்டும். ஜோடிகளுக்கு நடுவே கல் சிக்கும். மனைவி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது வண்டியில்லை, வீடு” என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜங்ஷனுக்கு முன் நடந்ததை நாங்கள் மூவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. அந்த மௌனத்தில்தான் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வாங்கிய பிறகுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. புதிய ட்ரக்கின் அனுமதிக்கப்பட்ட எடை 14,000, ட்ரெய்லருடையதும் 14,000. கூடினால் 28,000. டெக்ஸாஸில் இணைந்த எடை 26,000-ஐத் தாண்டி, ட்ரெய்லரும் 10,000-க்கு மேற்பட்டதாக இருந்தால், சொந்த உபயோகமானாலும் ‘ஏ’ வகுப்பு உரிமம் வேண்டும். பழைய ட்ரக்குக்கு அனுமதி 10,000 என்பதால் கூட்டுத்தொகை 24,000. ஆகவே அளவு மீறிய பாரத்தோடு டயர் வெடிக்க ஓட்டியபோது சாதாரண உரிமமே போதுமானதாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் புத்தகம் படித்து, எழுத்துத்தேர்வும் ஓட்டுத்தேர்வும் எழுதித் தேறினேன்.

உரிமம் கிடைத்த வாரம் அதே எடைமேடைக்குப் போனோம். அதே குதிரைகள், அதே வைக்கோல். முன் அச்சு 5,000. பின் அச்சு 7,400. அதன் எல்லை 9,750. மகள் சீட்டைத் தன் கையில் வாங்கி, கதவைத் திறந்து, ஒட்டுத்தாளின் எண்களோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டாள். பிறகு மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஆறு டயர்களையும் தட்டி ஓசை கேட்டாள். உட்பக்க டயர் ஒன்றின் ஓசை அவளுக்குத் திருப்தியாக இல்லை. அளவுமானியை எடுத்துவரச் சொன்னாள். நான் தார்த்தரையில் முழங்கால் போட்டேன்.