கோட்டைக்கு உள்ளும் புறமும்

ஹெந்தளையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் காலைப் பேருந்தின் நடத்துநர் நாள்தோறும் கூவும் இரண்டு சொற்கள் என் காதிலே பழகிப்போய்விட்டன: "கொட்டுவ, பிட்டகொட்டுவ!" தமிழிலே நாம் கோட்டை என்றும் புறக்கோட்டை என்றும் சொல்கிறோம். இரண்டு மொழியும் இவ்விடயத்தில் ஒருமித்து நிற்கின்றன. ஒன்று உள், மற்றது புறம். ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' என்பதும் நமது பேட்டையே. கோட்டை மதிலுக்கு வெளியே கிடக்கும் ஊர் என்பதே அதன் பொருள். பல ஆண்டுகளாக இச்சொற்களைக் கேட்டுக்கொண்டு களனி கங்கையைக் கடந்து, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றுவரும் நான், மதில் எங்கே இருந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

2022 ஆம் ஆண்டு. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். பத்தாந் தர மாணவர்க்கு 'எமது நகரம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அவன் எழுதியிருந்தான்: "என் தந்தை கோட்டையில் வேலை செய்கிறார். விடியுமுன் போவார். அவர் இதுவரை சுமந்த மூட்டைகளை அடுக்கினால் இன்னுமொரு கோட்டை கட்டலாம்."

நல்ல வசனம். இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்று நான் செய்தது வேறு. முதல் வாக்கியத்தின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, "பொருட்பிழை. நாட்டாமிமார் வேலை செய்யும் இடம் புறக்கோட்டை, கோட்டையன்று" என எழுதி இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். கொப்பியைப் பெற்றுக்கொண்டவன் எழுந்து நின்று கேட்டான்: "கோட்டைக்கு மதில் எங்க இருக்கு, சேர்? எதுவரைக்கும் உள்ளே, எதுவரைக்கும் வெளியே?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

பல்கலைக்கழகத்தில் உழிஞையும் நொச்சியும் படித்தவன் நான். மதிலை வளைப்போன் எப்பூவைச் சூடுவான், காப்போன் எதைச் சூடுவான் என்று உறக்கத்திலும் சொல்லுவேன். திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரம் உண்டு. அதனை ஆண்டுதோறும் விளக்குகிறேன். ஆறு மைல் தொலைவிலே நின்ற ஒரு மதிலின் இடம் எனக்குத் தெரியாது. அந்த வெட்கத்தினாலேயே கொழும்புக் கோட்டையின் கதையை நூல்நிலையங்களில் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1518 இல் போர்த்துக்கேயர் இங்கே முதற் கோட்டையைக் கட்டினர். 1524 இல் அதைத் தாமே இடித்துவிட்டு, பண்டகசாலையை மட்டும் வைத்துக்கொண்டனர். 1554 இல் மீண்டும் கட்டினர். சீதாவாக்கை அரசன் முதலாம் இராசசிங்கன் 1587 இலும் 1588 இலும் பெரும்படையுடன் முற்றுகையிட்டும் அது விழவில்லை. காலப்போக்கில் அம்மதில் ஒரு நகரம் முழுவதையுமே வளைத்து நின்றது. தேவாலயங்கள், மடங்கள், வீடுகள் யாவும் அதனுள் அடங்கின. இன்றைய புறக்கோட்டையும் அம்மதிலுக்குள்ளேதான் கிடந்தது. பிரதான வீதியின் கீழ்க்கோடியில், பழைய மணிக்கோபுரம் நிற்கும் கெய்மன் வாயில் என்னும் இடம், அந்நகரத்தின் கீழைவாயில். இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1656 வரைக்கும் என் மாணவனின் தந்தை மூட்டை சுமக்கும் இடம் கோட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது! அவனுடைய வாக்கியத்திலே பிழையில்லை.

பிறகு அதனைப் புறமாக்கியவர் யார்? ஒல்லாந்தர். 1638 இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். பிடிக்கப்படும் கோட்டைகளில் காவற்படையை நிறுத்துவது அரசன் விரும்பினால் மட்டுமே என்ற சொற்கள் ஒரு பிரதியில் இருந்தன; மற்றப் பிரதியில் இல்லை. இரண்டு சொல்லில் ஒரு நாடு கைமாறியது என்றால் மிகையாகாது. 1655 ஒக்டோபரில் கொழும்பு முற்றுகை தொடங்கியது. ஏழு மாதம். உள்ளே பட்டினியும் கொள்ளைநோயும். போரிட இயலாத ஏழைகளைப் போர்த்துக்கேயர் மதிலுக்கு வெளியே துரத்தினர். ஒல்லாந்தர் அவர்களைத் திருப்பி மதிலை நோக்கி அடித்தனர். இரு பகைவருக்கும் நடுவே கிடந்து மடிந்தவர் தொகையை யார் எண்ணினார்? 1656 மே 12 இல் வாயில் திறந்தபோது, எஞ்சி வெளியே வந்த போர்த்துக்கேயச் சிப்பாய்கள் எழுபத்து மூவர் என அங்கேயே இருந்த இரிபெய்ரோ எழுதிவைத்திருக்கிறார். சிப்பாய்களுக்கு ஒரு கணக்கேனும் உண்டு. நேசனாக வந்த இராசசிங்கனுக்கும் வாயில் அடைக்கப்பட்டது.

வென்றவர்கள் அந்நகரத்தை இரண்டாக வெட்டினர். கடலோரத்து மேற்பகுதியைக் கொம்பனிக்கென்று எடுத்து, அகழியும் கொத்தளங்களும் அமைத்து, அக்கொத்தளங்களுக்கு லெய்டன், டெல்ப்ட், ரொட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் என்று தம் ஊர்ப் பெயர்களை வைத்தனர். கிழக்குப் பகுதி 'பழைய நகர்' ஆயிற்று, புறமாயிற்று. உள்ளே கொம்பனியின் அதிகாரிகளும் படையும். வெளியே வணிகரும் கைவினைஞரும் கூலிகளும். பகலெல்லாம் உள்ளே உழைத்த அடிமைகளை இரவிலே ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தனர். அவ்விடம் இன்றைய கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று நெடுங்காலம் எழுதிவந்த பெயரும் அதுவே. அடிமைமுறை இந்நாட்டுச் சட்டத்திலிருந்து முற்றாக நீங்கியது 1844 இலே.

நகரின் கோட்டை நகரைக் காப்பதற்கு என்று பாடநூல்களில் எழுதுகிறோமே, அது எந்த அளவுக்கு மெய்? இங்கிலாந்தின் கதையைப் பார்த்தாலும் அப்படித் தோன்றவில்லை. 1066 இல் நாட்டைக் கைப்பற்றிய நோர்மானிய வில்லியம் நகரந்தோறும் கோட்டை எழுப்பினான். எதிரி கடலுக்கு அப்பாலன்று, நகருக்குள்ளேயே இருந்தான். அந்நகரத்துக் குடிகளே அவனுக்கு எதிரிகள். லிங்கன் நகரில் கோட்டைக்காக 166 மனைகள் பாழாயின என்றும், நோரிச்சில் 98 என்றும் 1086 இல் அவனே எடுப்பித்த பதிவேடு கூறுகிறது. வரி வாங்குவதற்காக எழுதிய கணக்கு, அவனை அறியாமலே குடிகளின் சாட்சியாகிவிட்டது. பின்னாளில் அவ்விரு கோட்டைகளும் சிறைக்கூடங்களாயின. நமது நீர்கொழும்பில் ஒல்லாந்தர் கோட்டையின் 1678 ஆம் ஆண்டு வாயிலைத் தாண்டினால் வருவதும் சிறைச்சாலையே.

கொழும்புக் கோட்டையோ முடிவிலே ஒரு போரும் காணவில்லை. 1795 இல் ஒல்லாந்தரின் கூலிப்படையான சுவிஸ் ரெஜிமெந்தை ஆங்கிலேயர் பேரம் பேசித் தம்பக்கம் இழுத்துக்கொண்டனர். 1796 பெப்ரவரியில் ஆளுநர் வன் அங்கெல்பெக் கோட்டையை ஒப்படைத்தார். முக்கால் நூற்றாண்டு கழித்து, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், வாணிகத்துக்கு அம்மதில் இடைஞ்சலாயிற்று. 1869 இல் இடிக்கத் தொடங்கினர். அகழியைத் தூர்த்தனர். 1875 இல் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அதற்குக் கல் வந்தது எங்கிருந்து? எங்கள் ஹெந்தளைக்கு அயலிலுள்ள மஹரையிலிருந்து. கைதிகள் உடைத்த கருங்கல். அங்குள்ள சிறைச்சாலை பிறந்ததே அக்கல்லுக்காக.

மதில் போயிற்று, எல்லை போகவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் அந்த மதிலில்லாத கோட்டையைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. அப்போது மாணவனாயிருந்த நான், அடையாள அட்டையை மேற்சட்டைப் பையிலே தயாராக வைத்துக்கொண்டு நடந்ததை இன்னும் மறக்கவில்லை. வெளியே நிறுத்தப்படுவது இன்னதென்று அறிந்த நானே ஒரு பையனின் கொப்பியில் அவன் தகப்பனைப் புறத்தே நிறுத்திக் கோடு கிழித்திருக்கிறேன்.

புள்ளிகளைத் திருத்திக் கொடுக்கலாமென்று போனால் பையன் இல்லை. இரண்டு கிழமையாக வரவில்லை என்றார்கள். தந்தைக்கு முதுகிலே பிடிப்பாம். சனிக்கிழமை ஒன்றில் நான்காங் குறுக்குத்தெருவில் அவனைக் கண்டேன். வெங்காய மூட்டைகள் ஏற்றிய கைவண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டு தலைகுனிந்தான். முன்னே இழுத்தவர் "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று கூவ, நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பிறகு வண்டியோடு நடந்தேன்.

"நீ எழுதினது சரி. நான் போட்ட கோடுதான் பிழை" என்றேன்.

"எது, சேர்?" அவனுக்கு நினைவில்லை.

வண்டி ஒரு கடைவாசலில் நின்றபோது மதிலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மூட்டையொன்றில் சாய்ந்து கேட்டான். "அப்ப இந்தத் தெருவும் உள்ளேதானா?" என்று தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். கடைக்காரர் அதட்டினார். பாடசாலைக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். "அப்பாவுக்கு எழும்ப ஏலுமாயிருந்தா திங்கக்கிழமை" என்று சொல்லி, மூட்டையின் காதைப் பிடித்துத் தோளுக்கு ஏற்றினான்.

அத்திங்கட்கிழமை அவன் வரவில்லை. வீடு ஹெந்தளையிலே கால்வாய்க் கரையில், என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மாலையில் போனேன். தந்தை பாயிலிருந்து எழ முயன்றார். வேண்டாமென்று தடுத்துத் தரையிலே அமர்ந்துகொண்டேன். கிழமைக்கு மூன்று நாள் பாடசாலை, மற்றைய நாட்களில் இரவு என் வீட்டிலே பாடம் என்று பேசி முடித்தோம். அவர் ஒப்புக்கொள்ளச் சரியாக ஒரு மணி நேரம் எடுத்தது. அதற்குள் பையன் தூங்கிவிட்டான்.