விட்டுப்போன பாட்டு

பீளமேட்டில் ஒரு நாடகக் குழுவினர் 'சுலோசனா சதி'யைத் தூசி தட்டி மேடையேற்றினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. அவருடைய 'வள்ளி திருமண'த்தைத் தெரியாதவர் உண்டா? இந்திரஜித்தின் மனைவியான இந்தச் சுலோசனையைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

நாடகம் முடிந்து டீக்கடையில் விவாதம் நடந்தது.

"விடிய விடிய நடக்கிற நாடகத்தை ரெண்டு மணி நேரத்துல முடிச்சுப்போட்டாங்க. பாதிப் பாட்டைக் காணோமுங்க!" என்றார், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

"விடிய விடிய யாருங்க அப்பாரு உக்காருவாங்க? காத்தால வேலைக்குப் போக வேண்டாமுங்களா?" என்றான் பேரன்.

எனக்கும் அவன் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது. குறைத்தாவது போட்டார்களே! சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பெரியவர், மேடையில் விட்டுப்போன ஒரு புலம்பலை மெல்லப் பாடினார். டீ ஆற்றியவரின் கை நின்றது. பேரன் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, "இன்னொருக்காப் பாடுங்க, அப்பாரு" என்றான்.

மறுபடி பாடினார். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். நெற்றியைத் தேய்த்துப் பார்த்தும் வரவில்லை.

குறை சொல்லும் ரசிகர்களை இனி நான் குறை சொல்வதாக இல்லை. மிச்சம் இருப்பது அவர்களிடந்தான். அதுவும் எத்தனை நாளைக்கோ!