பாதைக்கும் உரிமை உண்டு

2021ஆம் ஆண்டின் ரமலானை இங்கிலாந்தில் நோற்றவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கொரோனாவினால் பூட்டிக்கிடந்த உணவகங்கள் அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் திறக்கப்பட்டன. ஆயினும், கடைக்கு வெளியே மட்டுமே பரிமாறலாம். உள்ளே எவரும் அமரலாகாது. மறுநாள் பலருக்கும் தலை நோன்பு. உள்ளே அமர்ந்து உண்ண அனுமதி வந்தது மே 17ஆம் நாளில். அதற்குள் பெருநாளே கடந்துவிட்டது. ஆகவே, உணவகத்தில் நோன்பு துறக்க விரும்பிய குடும்பங்களுக்கு அம்மாதம் முழுவதும் கடைவீதியின் நடைபாதைதான் வாய்த்தது. இரவு எட்டு மணியளவில் சூரியன் மறையும். கம்பளிச் சட்டை அணிந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மஃரிபை எதிர்நோக்கி அமர்ந்திருப்போம். தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும், அவ்வளவு குளிர்!

அன்பு வாசகர்களே! அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் உங்களோடு பேச விழைகிறேன்.

முன்னர் அங்கே நடைபாதையில் மேசை போடுவது எளிய காரியமன்று. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் கருத்துரைக்கக் குறைந்தது 28 நாட்கள் விட வேண்டும். நோய்க்காலத்தில் உணவகத் தொழில் நொடித்துப்போகவே, 2020 ஜூலையில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. உரிமக் கட்டணம் 100 பவுண்டுக்கு மேற்படலாகாது. மக்கள் கருத்துக்கு ஏழு நாட்கள், நகராட்சி மன்றம் முடிவெடுக்க ஏழு நாட்கள். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே பொருள். இவ்வேற்பாடு தற்காலிகமானது என்றே அறிவிக்கப்பட்டது. பிறகு ஆண்டுதோறும் நீண்டது. இறுதியில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமாயிற்று. புதிய உரிமத்துக்கு 500 பவுண்டு, புதுப்பிக்க 350 பவுண்டு என உச்சவரம்பு உயர்ந்தது. ஏழு நாட்கள் பதினான்காயின. ஓர் உரிமம் இரண்டாண்டுகள் வரை செல்லும்.

இதனால் நன்மை விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நம்மவர் நடத்தும் சிற்றுண்டிக் கடைகள் பல, நான்கு மேசைக்கு மேல் உள்ளே இடமில்லாதவை. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் வெளியே காற்றாட அமர்கிறார்கள். புகை பிடிக்காதோருக்குத் தனி இருக்கைகள் வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் உண்டு. நல்லதுதான்.

ஆனால் என் ராத்தா சக்கர நாற்காலியில் செல்பவர்கள். நடந்து செல்வோருக்கு இரண்டு மீட்டர் அகலம் இருப்பது நல்லது, குறைந்தது ஒன்றரை மீட்டராவது விட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். காலையில் மேசைகளைப் போடும்போது அந்த ஒன்றரை மீட்டர் இருக்கத்தான் செய்கிறது. மாலையில் ஒருவர் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறார். இன்னொருவர் தள்ளுவண்டியைப் பக்கத்தில் நிறுத்துகிறார். கடையின் விலைப்பலகை ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. நாங்கள் வசிக்கும் கிழக்கு லண்டன் கடைவீதியில் ஒரு வெள்ளி மாலை, ராத்தாவை நடைபாதையிலிருந்து இறக்கி, பேருந்து ஓடும் சாலையின் ஓரமாகத் தள்ளிச் சென்றேன். கடைக்காரர் நம்மவர், நல்லவர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நகர்த்தியிருப்பேனே!" என்று வருந்தினார். உண்மையாகவே நகர்த்தியிருப்பார். "நடந்து போகிறவர் யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டா போகிறார்?" என்று ராத்தா வீட்டுக்கு வந்தபின் கேட்டார்கள்.

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. வீதிகளில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் தவிர்க்கச் சொன்னார்கள். கூடிப் பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படி அமர்ந்தே தீர வேண்டுமானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல். அமர்பவரின் தேவை ஏற்கப்பட்டது. ஆனால் பாதையின் உரிமை ஓர் அணுவும் குறைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நெருக்கடிக்காக அளிக்கப்படும் சலுகை அந்நெருக்கடியின் அளவோடு நிற்கும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. நோய்க்காலத்தில் ராத்தாவைப் போன்றோர் பொறுத்துக்கொண்டார்கள். நிரந்தரம் என்று ஆனபிறகு அந்தப் பொறுமையை எந்தக் கணக்கில் எடுப்பது? கட்டணம் கடைக்காரரிடமிருந்து மன்றத்துக்குப் போகிறது. இடத்தை விட்டுக்கொடுத்தவர் இருவரில் எவரும் அல்லர்!

மற்ற நகரங்கள் இதில் ஓரளவு நிதானம் காட்டின. பாரிஸ் மாநகரம், வண்டி நிறுத்துமிடங்களில் தோன்றிய கோடைக்கால உணவிடங்களை 2021இல் நிலைப்படுத்தியபோது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, இரவு பத்து மணிக்குள் என்று எல்லை வகுத்தது. நியூயார்க்கின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, சாலையில் போடும் மேசைகளை ஏப்ரல் முதல் நவம்பர் இறுதி வரை என்று வரையறுத்தது. பாதை ஆண்டில் சில மாதங்களாவது பாதையாகத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உணவகம் நடத்தும் சகோதரர்களே, நீங்கள் அந்நாட்டில் வாழ்பவராயின், விண்ணப்பத்தோடு தரும் வரைபடத்தில் ஆள் அமர்ந்த நாற்காலியை அளந்து காட்டுங்கள். காலி நாற்காலியை அன்று. பார்வையற்றோரின் கைத்தடிக்குத் தட்டுப்படும்படி, இருக்கைகளைச் சுற்றித் தாழ்வான தடுப்பு ஒன்று வையுங்கள். மற்றவர்கள், கடை முகப்பில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நின்று படியுங்கள். அந்தப் பதினான்கு நாட்களில் எவரும் மன்றத்துக்கு எழுதலாம்.

ராத்தா எழுதினார்கள். உரிமத்தை மறுக்கச் சொல்லவில்லை. விளக்குக் கம்பத்தை ஒட்டிய இரண்டு மேசைகளை மட்டும் எடுக்கச் சொல்லி, அளவுநாடாவை விரித்துப் பிடித்த புகைப்படம் ஒன்றையும் இணைத்தார்கள். நான்கு மேசை கேட்ட இடத்தில் இரண்டுக்கே உரிமம் கிடைத்தது. கடைக்காரர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே ஸலாம் சொன்னார். அவ்வுரிமம் முடியும் தேதியை ராத்தா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள்.